காரில் எல்லோரும் கேட்கிற மாதிரி ஒலிக்கவிடக்கூடிய ஹொக்கிக் காதல் கதைகள்

சனிக்கிழமைகளில் மகனுக்குக் காலை 5:50க்கு ஐஸ் ஹொக்கிப் பயிற்சி. ஜனவரி மாதம் அந்த நேரத்தில் ரொறன்ரோவில் ஸ்காபரோவின் மார்க்கம் ரோட்டில் உப்புப் போடுகிற லொறியையும் எங்களையும் தவிர ஆளிருக்காது. மகன் பின் இருக்கையில் அரைத் தூக்கத்தில் இருப்பான். அவன் கோலி. கோல் காப்பவனின் பை மற்றப் பிள்ளைகளின் பையைவிட இரண்டு மடங்கு. கால் கவசம் டிக்கிக்குள் அடங்காமல் அவனுக்குப் பக்கத்தில் இன்னொரு ஆள்போல உட்கார்ந்திருக்கும். இரண்டு குளிர்காலமாக அந்தப் பயணத்தில் நாங்கள் இருவரும் ஒன்றும் கதைத்ததில்லை. அவனுக்குப் பிடித்த விளையாட்டு எனக்கு விளங்காது. எனக்கு விளங்கிய விஷயம் எதுவும் அந்த நேரத்தில் அவனுக்குத் தேவையில்லை.

இந்த வருடம் அப்படி இல்லை. நூலக அட்டையில் இரவல் எடுத்து, காரில் சத்தமாகப் போட்டுக் கேட்ட மூன்று ஹொக்கிக் காதல் கதைகள்தான் காரணம். என்னைப்போல விடியற்காலையில் ஐஸ் அரங்குக்குப் பிள்ளையை ஏற்றி இறக்குகிற அம்மாமார் இங்கே நிறையப் பேர் இருக்கிறீர்கள். உங்களுக்காகத்தான் எழுதுகிறேன்.

முதலில் சேவையைச் சொல்கிறேன். லிபி என்று ஒரு செயலி, நூலகத்து ஒலிநூல்களைப் போனில் இரவல் எடுத்துக் கேட்பதற்கு. ரொறன்ரோ பொது நூலகத்தின் அட்டை இருந்தால் போதும். அட்டை விவரத்தைக் கொடுத்தால் திறந்துவிடும். காசு இல்லை. தவணை முடிந்ததும் புத்தகம் தானாகவே திரும்பிப் போய்விடுகிறது, திருப்பிக் கொடுக்க மறந்தோமே என்ற கவலை இல்லை. நூலகம் ஒரு ஒலிநூலுக்கு எத்தனை பிரதி வாங்கியிருக்கிறதோ அத்தனை பேர்தான் ஒரே நேரத்தில் கேட்கலாம். அதனால் பலரும் விரும்புகிற கதைக்கு வரிசையில் பெயர் போட வேண்டும். நான் எப்போதும் நாலைந்து கதைக்கு ஒன்றாகப் பெயர் போட்டுவைப்பேன். ஏதாவது ஒன்று வந்துகொண்டே இருக்கும். முறை வந்த நேரம் கையில் வேறு கதை இருந்தால், இதைப் பிறகு தாருங்கள் என்று தள்ளிவைக்கலாம். வீட்டு வைஃபையில் இறக்கி வைத்துக்கொண்டால் அரங்கின் உள்ளே போன் சிக்னல் இல்லாவிட்டாலும் ஓடும். அரங்குச் சுவர்கள் எல்லாம் கல்லும் இரும்பும், அங்கே சிக்னல் கிடைக்காது.

வாசிக்கிற வேகத்தைக் கூட்டலாம், குறைக்கலாம். தொடக்கத்தில் நான் கொஞ்சம் குறைத்துத்தான் கேட்டேன். நான் இங்கே வந்து பதினைந்து வருடமாகிறது, வேலையிடத்தில் ஆங்கிலத்தில்தான் கதைக்கிறேன். ஆனாலும் கதைக்குள்ளே ஒரு கிழவனும் பேத்தியும் சண்டை பிடிக்கிற வேகத்துக்கு என் காது ஓடாது. இரண்டாவது கதையில் வேகத்தை வழமைக்குக் கொண்டுவந்துவிட்டேன். விளங்காவிட்டால் பதினைந்து வினாடி பின்னுக்குப் போகிற பொத்தான் இருக்கிறது. அந்தப் பொத்தானுக்கு நான் மிகவும் கடமைப்பட்டிருக்கிறேன்.

அப்புறம் "சுத்தமான" கதை என்பதைப் பற்றிக் கட்டாயம் சொல்ல வேண்டும்.

முதல் முறை எடுத்த கதையை நினைத்தால் இன்னும் நெஞ்சு திக்கென்கிறது. முகப்பு அட்டையில் சிறுபிள்ளைப் புத்தகம்போலக் கீறிய படம்: நீலப் பனி, கம்பளித் தொப்பி போட்ட ஒரு பெண், ஹொக்கி ஸ்டிக் பிடித்த ஒரு பையன், நடுவில் நாய்க்குட்டி. வேறெதுவும் பார்க்காமல் எடுத்துவிட்டேன். இரண்டு அத்தியாயம் நல்லாகத்தான் போனது. 401 நெடுஞ்சாலையில் ஏறி வேகம் எடுத்த நேரத்தில், அந்தப் பெண்ணின் வீட்டுச் சமையலறையில் கதை வேறு பக்கம் திரும்பியது. வாசிக்கிறவரும் குரலைத் தாழ்த்திவிட்டார். எனக்கு ஒரு கை ஸ்டியரிங்கில், மற்றக் கை பொத்தானைத் தேடுகிறது, கண் ரோட்டில். நிப்பாட்டி முடிக்க ஏழெட்டு வினாடி எடுத்திருக்கும். "ஏன் அம்மா நிப்பாட்டினீங்கள்?" என்றான். "தலையிடிக்குது அப்பன்" என்றேன். அவன் யன்னல் பக்கம் திரும்பிக்கொண்டான். பதினொரு வயதுப் பிள்ளைக்கு எவ்வளவு விளங்கியிருக்கும் என்று யோசித்து யோசித்து அன்று முழுக்க எனக்கு வேலை ஓடவில்லை.

அந்த மாதிரிக் கதைகளை நான் குறை சொல்லவில்லை. பெரியவர்கள் தனியே கேட்பதற்கு அவையும் இருக்கட்டும். ஆனால் அட்டைப் படத்தை நம்பக்கூடாது. அடுத்த வாரம் எங்கள் பகுதி நூலகத்தில் நின்ற பெண்ணிடம் கேட்டேன். அவர் முகம் சுழிக்காமல், சிரிக்காமல், மூன்று சொல் எழுதித் தந்தார்: க்ளீன், ஸ்வீட், க்ளோஸ்ட் டோர். முதல் இரண்டும் என்றால் முத்தத்துக்கு மேலே ஒன்றும் இல்லை. மூன்றாவது என்றால் கதவு சாத்தியதும் கதை அடுத்த நாள் காலைக்குப் போய்விடும். கதையின் பெயரோடு இந்தச் சொற்களில் ஒன்றையும் சேர்த்துத் தேடிப் பார்த்தால், முன்பு வாசித்தவர்கள் எங்கேயாவது எழுதி வைத்திருப்பார்கள். இப்போது அதைப் பார்க்காமல் நான் ஒன்றும் எடுப்பதில்லை.

அப்படித் தேடி எடுத்த முதல் கதையைத்தான் இங்கே விரிவாகச் சொல்லப்போகிறேன். எனக்கு அதுதான் நெஞ்சில் நிற்கிறது. ஒன்பதரை மணி நேரம். எங்கள் பயணக் கணக்கில் கிட்டத்தட்ட ஆறு வாரம்.

வட ஒன்ராறியோவில் ஒரு சின்ன ஊர். அந்த ஊருக்கு ஒரே ஒரு ஐஸ் அரங்கு. அரங்கைப் பார்த்துக்கொண்டிருந்த தகப்பனுக்கு வருத்தம் வந்தபிறகு மகள் அந்த வேலையை எடுத்துச் செய்கிறாள். பனித்தளத்தைச் செப்பனிடுகிற ஸம்போனி வண்டியை ஓட்டுவதும் அவள்தான். பெரிய லீக்கில் பின்வரிசையில் தடுப்பாட்டக்காரனாக விளையாடியவன் ஒருவன், முழங்கால் சத்திரசிகிச்சைக்குப் பிறகு ஊருக்குத் திரும்பி வந்து, வேறு வழியில்லாமல் சின்னப் பிள்ளைகளின் அணிக்குப் பயிற்சி கொடுக்கிறான். இருவரும் பள்ளிக்கூடத்தில் ஒன்றாகப் படித்தவர்கள். ஒரு அத்தியாயம் அவள் சொல்வது, அடுத்தது அவன் சொல்வது. அவளுடைய பகுதியை ஒரு பெண்ணும் அவனுடைய பகுதியை ஒரு ஆணும் வாசிக்கிறார்கள்.

என் மனதைப் பிடித்த இடம் ஒன்றைச் சொல்கிறேன். இரவு பத்தரை மணி, எல்லோரும் போய்விட்டார்கள். அவள் கடைசித் தடவையாக ஸம்போனியை ஓட்டுகிறாள். அவன் போகாமல் விளையாட்டுக்காரர் வாங்கில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருக்கிறான். கதைக்க அவனுக்கு ஆயிரம் இருக்கிறது, ஒன்றும் கதைக்கவில்லை. அவள் வண்டியை நிறுத்தி இறங்கி, உறைந்த கையை வாயில் வைத்து ஊதுகிறாள். அவன் தன்னுடைய ஹொக்கிக் கையுறையைக் கழற்றி நீட்டுகிறான். அவ்வளவுதான். வாசித்த பெண் "நீட்டினான்" என்ற சொல்லுக்கு முன்னால் ஒரு மூச்சு நின்றார். அச்சில் அந்த மூச்சு இருக்காது. நான் மக்கவன் சந்தியில் சிவப்பு விளக்கில் நின்றேன். பச்சை விழுந்ததும் எனக்குத் தெரியவில்லை. பின்னால் நின்றவர் ஹோர்ன் அடித்துத்தான் எடுத்தேன்.

பின்னாலிருந்து மகன் சொன்னான்: "அந்தக் கிளவுஸ் சரியா மணக்கும் அம்மா." ஹொக்கிக் கையுறையின் மணம் தெரிந்த வீட்டுக்காரருக்குத்தான் அது எவ்வளவு பெரிய அன்பு என்பது விளங்கும். அவள் அதை வாங்கிப் போட்டுக்கொண்டாள் என்பதையும் சேர்த்துத்தான் சொல்கிறேன்.

அந்த வண்டியைப் பற்றியும் அன்றுதான் கேட்டேன். இரண்டு வருடமாகக் கண்ணாடிக்கு இந்தப் பக்கம் நின்று அது சுற்றிச் சுற்றி ஓடுவதைப் பார்த்திருக்கிறேன், தண்ணீர் ஊற்றிக் கழுவுகிறார்கள் என்று நினைத்திருந்தேன். அது முதலில் கத்தியால் பனியின் மேல்தோலை மெல்லிசாகச் சீவி எடுக்கிறது. பிறகு கீறல்களுக்குள் இருக்கிற அழுக்கைக் கழுவி உறிஞ்சுகிறது. கடைசியில் பின்பக்கத் துணியால் சுடுதண்ணீரைப் பரப்பிக்கொண்டு போகிறது. ஏன் சுடுதண்ணீர் என்று கதையில் ஒரு சிறுவன் கேட்கிறான். சுடுதண்ணீர் பழைய பனியின் மேற்பரப்பைக் கொஞ்சம் உருக்கி அதனோடு ஒட்டிப் பிடிக்கும். அதில் கரைந்திருக்கிற காற்றும் குறைவு, அதனால் பனி தெளிவாக உறையும் என்று அவள் சொல்கிறாள். இந்த வண்டியைச் செய்தவர் கலிபோர்னியாவின் பரமவுண்ட் நகரில் ஐஸ் அரங்கு நடத்திய ஃபிராங் ஸம்போனி என்பவர், 1949இல். பனி விழாத ஊரில் இருந்து வந்த வண்டி என்று மகனுக்குச் சொன்னேன். அவனுக்கு அது தெரிந்திருக்கவில்லை. ஹொக்கியில் அவனுக்குத் தெரியாத ஒன்றை நான் சொன்னது அதுதான் முதல் தடவை.

குரலைப் பற்றிச் சொல்லும்போது எனக்கு ஊர் ஞாபகம் வருகிறது. 1990க்குப் பிறகு யாழ்ப்பாணத்தில் மின்சாரம் இல்லை, பற்றரிக்கும் தடை. அப்பப்பா சைக்கிளைக் கவிழ்த்து முற்றத்தில் வைப்பார். சின்ன அண்ணா பெடலைக் கையால் சுற்றுவார். டைனமோவில் இருந்து வயர் இழுத்து வானொலி பாடும். நாடகம் போகிற நேரம் நாங்கள் ஏழெட்டுப் பேர் சுற்றிவர இருப்போம். அண்ணாவின் கை சோர்ந்தால் கதாநாயகியின் குரல் மெலிந்து மெலிந்து நின்றுவிடும். உடனே எல்லோருமாகக் கத்துவோம். ஒருவர் சொல்ல, பலர் ஒன்றாக இருந்து ஒரே கதையைக் கேட்பது என்றால் எனக்கு அதுதான். காதுக்குள் சொருகிக்கொண்டு தனியே கேட்பது எனக்குப் பழக்கமில்லை. காரில் போட்டுக் கேட்கிறபோது, பனி கொட்டுகிற ரோட்டிலும் அந்த முற்றத்தில் இருக்கிற மாதிரி ஒரு சுகம். சுத்தமான கதை வேண்டும் என்று நான் தேடுவதும் இதற்குத்தான். பக்கத்தில் பிள்ளை இருக்கலாம். சில நாளில் மாமியும் வருவார், அவருக்கு ஆங்கிலம் பாதிதான் விளங்கும், ஆனாலும் "அந்தப் பெடியன் இன்னும் கேட்கேல்லையே?" என்று விசாரிப்பார்.

கதையில் அவன் பழக்குகிற அணியில் ஒரு சின்னக் கோலி இருக்கிறான். எல்லாப் பந்தும் அவன் கால்களுக்கு நடுவால் போய்விடும். பந்து என்கிறேன், பக் என்பதுதான் சரி: மூன்று அங்குல அகலம், ஒரு அங்குலத் தடிப்பு, கெட்டி ரப்பர். துள்ளாமல் வழுக்கிப் போவதற்காகப் பெரிய ஆட்டங்களில் அதைக் குளிரில் உறைய வைத்துத்தான் எடுக்கிறார்களாம். கோலியின் இரண்டு காலுக்கும் நடுவில் இருக்கிற இடைவெளிக்கு ஃபைவ் ஹோல் என்று பெயர். கோலைச் சுற்றி மூலைக்கு ஒன்றாக நாலு இடைவெளி, ஐந்தாவது இது. அந்தப் பிள்ளைக்கு அவன் ஒன்றும் பெரிதாகப் புத்தி சொல்வதில்லை. கோல் விழுந்தால் திரும்பி நின்று தண்ணீர் குடி, ஸ்டிக்கால் இரண்டு பக்கக் கம்பத்தையும் தட்டு, திரும்பு, அடுத்த பக்கைப் பார் என்பான். அதை வாசித்த ஆணின் குரல் கரகரத்த, அலட்டிக்கொள்ளாத குரல். வேலை முடிந்து வந்து சப்பாத்துக் கழற்றுகிற தகப்பனின் குரல்போல.

என் மகன் தண்ணீர்ப் போத்தலைத் தூக்கிக் கம்பத்தைத் தட்டுவதை எத்தனையோ தடவை பார்த்திருக்கிறேன். சும்மா விளையாட்டுக்குச் செய்கிறான் என்றுதான் நினைத்தேன்.

டிசம்பரில் ஒரு ஆட்டம், 5க்கு 1 என்று தோற்றார்கள். முன்பென்றால் "பரவாயில்லை அப்பன், அடுத்த முறை பார்ப்பம்" என்று சொல்லிவிட்டுக் காரை எடுப்பேன். அவன் வீடு வரைக்கும் வாய் திறக்க மாட்டான். அன்று பையை ஏற்றிவிட்டுக் கேட்டேன்: "மூன்றாவது கோல் ஃபைவ் ஹோலாலயா போனது?" அவன் என்னை நிமிர்ந்து பார்த்தான். "இல்லை அம்மா, அது கிளவுஸ் பக்கம். நான் முதலே கீழே இருந்திட்டன்" என்றான். பிறகு, ஏன் முதலே இருந்தான், யார் மறைத்து நின்றது, யாருடைய ஸ்டிக்கில் பட்டுத் திரும்பியது என்று லோரன்ஸ் வீதி வரைக்கும் சொல்லிக்கொண்டே வந்தான். நான் அன்று கதை போடவில்லை.

ரிம் ஹோர்ட்டன்ஸ் கோப்பி பற்றியும் ஒரு வார்த்தை. அந்தக் கடையின் கோப்பிக் கோப்பை இல்லாமல் ஒரு அரங்கிலும் ஒரு தாய் தகப்பனைப் பார்க்க முடியாது. ரிம் ஹோர்ட்டன் என்பவர் ரொறன்ரோ மேப்பிள் லீஃப்ஸ் ஹொக்கி அணியின் பின்வரிசை விளையாட்டுக்காரர் என்பதும், அவர்கள் கடைசியாக ஸ்டான்லி கிண்ணம் வென்ற 1967 அணியில் அவரும் இருந்தார் என்பதும் பதினைந்து வருடம் அந்தக் கோப்பியைக் குடித்த எனக்கு இந்தக் கதை கேட்கும்போதுதான் தெரியும். கதையில் அவனும் பின்வரிசைக்காரன். அவள் அவனுக்குக் கோப்பி கொண்டுவருகிற ஒரு காட்சியில் இது வருகிறது.

குறைகளும் உண்டு. முக்கால்வாசிக் கதை போனபிறகு இருவரும் பிரிகிறார்கள். அந்தப் பிரிவுக்கான காரணம் எனக்கு ஒட்டவில்லை. அவன் பழைய அணிக்குத் திரும்பப் போகிறான் என்று யாரோ சொன்னதை அவள் நம்பிவிடுகிறாள். ஒரு தடவை போன் எடுத்துக் கேட்டிருந்தால் முடிகிற விஷயம். தகப்பனுக்கு மருந்து கொடுக்கிற நேரத்தைக்கூடத் தாளில் எழுதி ஒட்டிவைக்கிற நிதானமான பெண் அப்படிச் செய்யமாட்டாள். அந்த ஒரு மணி நேரத்தை நான் பொறுத்துக்கொண்டுதான் கேட்டேன். ஆண் குரல் மற்ற இடமெல்லாம் நல்லம், ஆனால் அவனுடைய பாட்டி கதைக்கிற இடங்களில் குரலைக் கீச்சென்று ஆக்கிவிடுகிறார். அதே பாட்டியைப் பெண் வாசிக்கும்போது ஒரு முழு மனுஷி தெரிகிறார். இருவர் வாசிக்கிற கதைகளில் இந்தச் சிக்கல் வரும்; ஒரே பாத்திரத்துக்கு இரண்டு குரல் ஆகிவிடுகிறது.

இன்னொரு பிழை மகன் பிடித்தது. பெரிய லீக் ஆட்டம் ஒன்றில் ஒரே அணியின் பயிற்சியாளர் இரண்டு தடவை டைம் அவுட் கேட்கிறார். "ஒரு கேமுக்கு ஒன்றுதான் அம்மா, முப்பது செக்கன்" என்று பின்னால் இருந்து சத்தம் வந்தது. நித்திரை என்று நினைத்திருந்தேன். அன்றிலிருந்து இன்னும் பிழை இருக்கிறதா என்று கவனமாகவே கேட்டான். காதல் இடங்களில் கண்ணை மூடிக்கொள்வான். மூடினாலும் காது திறந்துதான் இருக்கும். கடைசியில் அவன் அவளைக் கேட்கிற இடம் அரங்கில்தான், இருவரும் ஸ்கேட்ஸ் போடாமல் சப்பாத்தோடு பனியில் நிற்கிறார்கள். நான் கண்ணைத் துடைத்ததை மகன் கண்ணாடியில் பார்த்துவிட்டான், ஒன்றும் சொல்லவில்லை.

மற்ற இரண்டு கதைகளும் இதற்குக் கிட்ட வராது. ஒன்றில் ஹொக்கி பெயருக்குத்தான். கதாநாயகன் வங்கியில் வேலை செய்திருந்தாலும் கதை மாறாது. மற்றதில் ஆட்டக் காட்சிகள் அருமை, மூச்சு வாங்கும். ஆனால் அந்தப் பெண்ணுக்கென்று ஒரு வேலை, ஒரு கவலை எதுவும் இல்லை. ஐந்துக்கு நான் கையுறைக் கதைக்கு நாலரை கொடுப்பேன், மற்ற இரண்டுக்கும் மூன்று.

எடுக்கப்போகிறவர்களுக்கு ஒன்று சொல்வேன். கதைச் சுருக்கத்தைப் பார்த்து எடுக்காதீர்கள், எல்லாம் ஒரே மாதிரித்தான் எழுதியிருக்கும். மாதிரி ஒலி என்று கொஞ்ச நேரம் கேட்கத் தருகிறார்கள். அதைச் சமையலறையில் வேலை செய்துகொண்டு கேளுங்கள். வெங்காயம் வெட்டுகிற கை நின்றால் அந்தக் குரலை எடுக்கலாம்.

கையுறைக் கதைக்கு அடுத்த பாகம் இருக்கிறது, அவனுடைய பழைய அணியின் கோலியைப் பற்றியது. கோலி என்றதும் மகன்தான் என்னுடைய போனை வாங்கி வரிசையில் பெயர் போட்டான். மாதிரியைக் கேட்டோம். பெண் குரல் அதேதான், ஆண் குரல் வேறு ஆள். அவனுக்கு அந்தக் குரல் பிடிக்கவில்லை, இளம் ஆள்போல இருக்கிறதாம். பெப்ரவரி கடைசியளவில் எங்கள் முறை வரும் என்று காட்டுகிறது. மார்ச்சில் மகனின் அணிக்கு பிளே ஓஃப் என்கிற கடைசிக் கட்ட ஆட்டங்கள், இரண்டு ஆட்டம் மிசிசாகாவில். போக ஒரு மணி நேரம், வர ஒரு மணி நேரம்.